கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஸ்ரீரங்கம்
9 ஜூன் 2025

திரு. ஜெபகுமார் அவர்களுக்கு,

என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். தாபோடி இராணுவப் பொறியியல் கல்லூரியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற விஸ்வேஸ்வரன். ஊர் திரும்பும் முன் என் ஸ்கூட்டரை உங்களுக்கு விற்றேன். நீங்கள் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மராத்தியில் சொல்கிறது. அதனால் விற்பனைச் சீட்டில் உள்ள போசரி முகவரிக்குப் பதிவுத் தபால்.

புனேயில் வண்டி ஓட்டிய காலம் முழுக்க ஒரு போலீஸ்காரர்கூட என்னை ஓரங்கட்டியதில்லை. அந்த ஊரில் அது சாமானியமல்ல என்பது உங்களுக்கே தெரியும். இப்போது காவிரிக்கரையில் காபி குடித்துக்கொண்டிருக்கும் எனக்கு, நாசிக் பாட்டா சிக்னலில் விதியை மீறியதாக அபராதச் செய்தி வருகிறது. "என்னன்னா, இன்னிக்கும் புனேல மாட்டிண்டேளா?" என்று என் மனைவி பாலாம்பாள் தினமும் கேலி செய்கிறாள்.

பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு உங்கள் கையிலேயே கொடுத்தேன். அடுத்த வாரமே ஆர்.டி.ஓ.வில் கொடுத்துவிடுவதாகச் சொன்னீர்கள். கொடுக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அது இன்றும் என் வண்டி. அபராதம் என் பேரில். கடவுள் காப்பாற்ற வேண்டும், யார் மேலாவது மோதினால் வழக்கும் என் பேரில்.

செய்தியோடு கேமரா எடுத்த படமும் வருகிறது. ஓட்டுவது ஒரு பெண்மணி. ஒரு படத்தில் முன்சக்கரம் நிறுத்தக் கோட்டைத் தாண்டி, ஜனங்கள் நடக்கிற வரிக்கோட்டின் மேல் நிற்கிறது. இன்னொன்றில் எதிர்த்திசையில் வருகிறார். மீதி எல்லாவற்றிலும் ஒரே குற்றம்தான், பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஹெல்மெட் இல்லை. ஒரு கையை அந்த அம்மாளின் தோளில் வைத்து, மறுகையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, வெறுந்தலையோடு மகாராஜா மாதிரி பவனி வருகிறீர்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனை எந்தக் கேமராவும் ஒன்றும் செய்யாது. புனேயில் நான் கற்றது அவ்வளவுதான். சலான் எண்களை எல்லாம் இத்துடன் எழுதியிருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் பெயரை மாற்றாவிட்டால் ஆர்.டி.ஓ.வுக்கும் போலீசுக்கும் புகார் எழுதுவேன். வண்டியை எங்கே கண்டாலும் நிறுத்திவிடுவார்கள்.

இப்படிக்கு,
விஸ்வேஸ்வரன்

*

பிம்ப்ரி
17 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சார்,

நான் ஜெபகுமாரின் மனைவி அமலா. படத்தில் வண்டி ஓட்டுகிற பெண்மணி நான்தான். உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் நான்தான். அவரிடம் காட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அவர் சட்டைக்குள் கையை விட்டிருக்கவில்லை, சார். அந்தச் சட்டைக்குள் கை இல்லை. நீங்கள் வண்டி கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நாளில், போசரியில் அவர் வேலை பார்த்த பட்டறையில், பிரஸ் மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரோடும் பேசப் பிடிக்காமல் போனையும் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நாற்பது வயதுக்கு மேல் உங்கள் ஸ்கூட்டரில்தான் பழகினேன். சொல்லிக் கொடுத்தது அவர்தான். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கப் பிடி, எட்டி, பிரேக்கப் பிடி! ஹேண்டிலப் பிடிச்சுத் தொங்காத!" என்று எங்கள் நாகர்கோவில் பாஷையில் கத்துவார். மராத்திக்காரர்கள் சிரிப்பார்கள். நான் விழுந்தால் அவரும் விழ வேண்டியதுதான், பிடித்து நிறுத்தக் கை கிடையாது. தெரிந்தும் உட்கார்ந்தார். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன், சார். அதில் குறை சொல்ல முடியாது.

பெயர் மாற்றாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். வண்டி கொடுத்த அன்று, "இது ராசியான வண்டி, என் பேரில் ஒரு அபராதம்கூட விழுந்ததில்லை" என்று சொன்னீர்களாம். கை போன பிறகு இவருக்கு அதே பிடியாகிவிட்டது. "அந்த சாரு பேரு அதுல இருக்கட்டும். நம்ம பேர எழுதுனா இருக்க நல்லதும் போயிரும்" என்றார். ராசியைப் பற்றிப் பேசினால் எங்கள் சர்ச்சில் திட்டுவார்கள். ஆனாலும் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து, படிவத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அபராதச் செய்தி உங்களுக்கு வருகிறது என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய எண்களைப் போட்டு எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். கோட்டைத் தாண்டியது பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத் துரத்தியதால். எதிர்த்திசை முழுக்க என் தப்பு. யு-டர்ன் தூரத்தில் இருக்கிறது. காலை ஷிப்டுக்குப் பிந்திவிட்டால் மெஷினுக்காக நோயாளி காத்திருப்பார் என்று குறுக்கே புகுந்துவிட்டேன்.

புகார் மட்டும் எழுதாதீர்கள், சார். ஷிப்டுக்கு முன்னால் அவரைக் கைப்பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. வண்டி போனால் என் வேலை போகும், அவர் பயிற்சியும் போகும். பெயர் மாற்ற நான் எப்படியாவது அவரைச் சம்மதிக்க வைக்கிறேன்.

பதிலை ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுங்கள். வீடு ஒற்றை அறையும் அடுப்பங்கரையும்தான், போனில் பேசினால் எல்லாம் அவர் காதில் விழும்.

பணிவுடன்,
அமலா

*

ஸ்ரீரங்கம்
24 ஜூன் 2025

திருமதி அமலா அவர்களுக்கு,

மகாராஜா என்று எழுதியதற்கு என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பாலாம்பாளிடம் வாசித்துக் காட்டினேன். "அவாத்துல என்ன நடந்ததுன்னு தெரியாம இப்படியா எழுதுவா?" என்றவள், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவள் செய்தது நியாயம். புகார் எழுத மாட்டேன். அந்தப் பயம் உங்களுக்கு இனி வேண்டாம்.

படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை குற்றத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஹெல்மெட் கொக்கி எல்லாப் படத்திலும் மோவாய்க்குக் கீழே சரியாக மாட்டியிருக்கிறது. ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிட்டு, போலீசைக் கண்டதும் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் ஊர் அது. கண்ணாடி இரண்டும் திருப்பப்படாமல் பின்னால் பார்க்கிறபடி இருக்கின்றன. முதுகு நேராக இருக்கிறது. நாற்பதுக்கு மேல், பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு, புனேயில்! எனக்கு ஸ்கூட்டர் பழக மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, அம்மா.

இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஹாரன் அடிக்கிறவன் உங்கள் அபராதத்தைக் கட்ட மாட்டான், அடித்துவிட்டுப் போகட்டும். மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் முறுக்குவதுதான் அந்த ஊர் வழக்கம். நீங்கள் அப்போதே வேகத்தைக் குறைத்துவிட்டால் கோட்டுக்கு முன்னால் தானாக நிற்பீர்கள். யு-டர்ன் எவ்வளவு தூரமானாலும் போய்த்தான் திரும்ப வேண்டும், அதற்காகக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புங்கள். எதிர்த்திசையில் வருகிறவரைக் கேமரா மட்டுமல்ல, லாரியும் பார்க்காது. புகைச் சான்றிதழ் தீரும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், தவணை தாண்டினால் அதற்கும் தனி அபராதம். இன்சூரன்ஸ் என் பெயரில் இருக்கும்வரை ஒரு ஆபத்து என்றால் உங்களுக்கு உதவாது. பெயர் மாற்றச் சொல்வது என் போனில் செய்தி வருவதற்காக மட்டுமல்ல.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கு ஹெல்மெட் இருக்கிறது. அவருக்கு ஏன் இல்லை?

அன்புடன்,
விஸ்வேஸ்வரன்

*

பிம்ப்ரி
2 ஜூலை 2025

மதிப்பிற்குரிய சார்,

இருக்கிறது. பரணில் கிடக்கிறது.

கொக்கியை ஒரு கையால் மாட்ட அவருக்கு வரவில்லை. முதல் நாள் தெருவில் நான் மாட்டிவிட்டேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அம்மா மாட்டிவிடுகிற மாதிரி இருந்ததோ என்னவோ, எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அவர் அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "தலை போனாப் போகட்டும், மானம் போக வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு தொடவில்லை. கொக்கி மாட்டாமல் சும்மா தலையில் வைத்தால் விழும்போது முதலில் பறப்பது ஹெல்மெட்தான் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தலையில் அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மழை தொடங்கிவிட்டது, லாண்டேவாடிப் பக்கம் ரோடு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் எனக்கு உயிர் போய் வருகிறது, சார்.

எதிர்த்திசையை விட்டுவிட்டேன். யு-டர்ன் போய்த்தான் வருகிறேன். நீங்கள் எழுதியதை மராத்தியில் சொல்லி எங்கள் பிரிவில் எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

அமலா

*

ஸ்ரீரங்கம்
14 ஜூலை 2025

அன்புள்ள அமலா,

இத்துடன் பார்சலில் ஒரு ஹெல்மெட் வருகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, காது வரை மூடி முகம் திறந்திருக்கிற ஹெல்மெட். பழையது பரணில் கிடந்ததால் அதன் மேல் அவருக்குக் கோபம் இருக்கும், புதிதோடு தொடங்கட்டும் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதம் வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். இதே போல இன்னொன்றை எனக்கும் கடையில் வாங்கி வந்து, வலது கையை முதுகுப்பக்கம் துண்டால் கட்டச் சொன்னேன். பாலாம்பாள் கட்டினாள். கட்டிவிட்டு, "பென்ஷன் வாங்கற வயசுல இதென்ன கூத்து? ஹெல்மெட்டோட மல்லுக்கு நிக்கறேளே!" என்றாள். இடது கையால் கொக்கியைச் செருகப் பார்த்தேன். அது வழுக்கிக்கொண்டு காதுப்பக்கம் போயிற்று. கழுத்துத் தோலைக் கடித்தது. கெட்ட வார்த்தை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் துண்டை அவிழ்க்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இடது கையால் ரசம் சாதம் சாப்பிட்டு மடியெல்லாம் ரசம். கடைசியில் அவளே ஊட்டிவிட்டாள். தபால்காரர் வாசலில் நின்று, ஹெல்மெட்டோடு ஒரு கிழவன் வாய் திறந்து சோறு வாங்குவதைப் பார்த்துவிட்டுத் தபாலைக் கொடுக்காமலேயே போய்விட்டார்.

விடவில்லை. தினமும் பூஜை முடிந்ததும் இதுதான் வேலை. ஒரு வழி அகப்பட்டது. முதலில் வார் நீளத்தைத் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். தொங்குகிற அடித்துண்டை மோவாயால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் அது நகராது. அப்புறம் இடது கை மேல்துண்டைக் கொண்டுவந்து செருகிவிடும். 'டக்' என்று சத்தம் கேட்டால் மாட்டிவிட்டது என்று அர்த்தம். பிறகு வாரை இழுத்து இறுக்க வேண்டியதுதான். எனக்கு இப்போது பத்துக்கு எட்டுத் தடவை வருகிறது.

அவருக்குப் புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. துண்டை அவிழ்த்தால் என் கை திரும்ப வந்துவிடும், அது எனக்குத் தெரியும். ஒரு கையால் இது முடியும் என்பதை மட்டும் செய்து பார்த்துச் சொல்கிறேன். இதைவிட நல்ல வழி அவருக்குத் தெரிந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். மெஷினோடு பழகியவர் அவர், நான் வெறும் கணக்குப்பிள்ளை.

அன்புடன்,
விஸ்வேஸ்வரன்

*

போசரி
3 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய சார்,

இந்தக் கடிதத்தை வீட்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை இப்போது.

ஹெல்மெட்டைக் கொண்டுவந்த அன்று பெரிய சண்டை. "ஏங் கையப் பத்தி ஊர்க்காரனுக்கெல்லாம் கடுதாசி எழுதுதியா?" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். என்னோடு பேசவில்லை. கைப்பயிற்சிக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். நான் அழுதேன், உங்களையும் கொஞ்சம் திட்டினேன். உங்கள் கடிதத்தை டி.வி. மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வாசித்தால் வாசிக்கட்டும், கிழித்தால் கிழிக்கட்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்பங்கரையில் நிற்கிறேன். உள்ளே சிரிப்புச் சத்தம். ரேடியோ என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் இவர் உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். "எட்டி அமலா, தவால்காரன் கடுதாசியக் குடுக்காமலே போய்ட்டானாம்!" என்றார். கை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, சார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் அணைக்கவில்லை.

சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இந்த மனுசன் எனக்காவ கையக் கெட்டிக்கிட்டுச் சோறு தின்னுருக்காரு" என்றார். அவ்வளவுதான். கடிதத்தை மடித்து டி.வி. மேல் திரும்ப வைத்தார்.

மறுநாளிலிருந்து நான் அடுப்பங்கரைக்குப் போனால் உள்ளே ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவார். அதனால் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கீழே விழும், முனகுவார், மறுபடி தொடங்குவார். நேற்று காலை தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளேயிருந்து 'டக்'. நான் கரண்டியைப் பிடித்தபடியே நின்றேன். கழற்றுகிற சத்தம். திரும்பவும் 'டக்'. தோசை கரிந்த வாசனையில்தான் எனக்கு உணர்வே வந்தது. வெளியே வந்து வாசல்படியில் நின்று, தெருப் பார்க்க, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்க, அவரே மாட்டினார். "எடு வண்டிய. நேரமாவுது" என்றார்.

உங்கள் வழி சரிதானாம். ஆனால் மோவாயால் அழுத்தும்போது சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டால், தலை ஆடாமல் இன்னும் சுலபமாம். அடுத்த தடவை கையைக் கட்டினால் அப்படிச் செய்து பார்க்கச் சொன்னார்.

படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ராசி போய்விடாதா என்று கிண்டலாகக் கேட்டேன். "அவரு ராசி பேருல இல்ல, புத்தில இருக்கு" என்றார். உங்கள் போனுக்கு ஆர்.டி.ஓ.விலிருந்து ஒரு எண் வரும், அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அமலா

*

ஸ்ரீரங்கம்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அமலா, அன்புள்ள ஜெபகுமார்,

பெயர் மாறிவிட்டதாக இன்று செய்தி வந்தது. வண்டி இனி உங்களுடையது. இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மறக்க வேண்டாம்.

சுவரில் சாய்ந்து பார்த்தேன். பத்துக்குப் பத்து.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி வராது என்று தெரியும். "என்னன்னா, புனேலேர்ந்து ஒண்ணும் வரலியா?" என்று பாலாம்பாளும் கேட்கிறாள், கேலியாக இல்லை. நீங்கள் இருவரும் ஹெல்மெட்டோடு போவதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே. ஒழுங்காகப் போகிறவர்களைக் கேமரா படம் எடுப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

விஸ்வேஸ்வரன்

*

போசரி
9 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய சார்,

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். நாசிக் பாட்டா சிக்னல்தான். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டாயா என்று நீங்கள் எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், நான் தொடவில்லை. சிவப்பு விழுந்ததும் இஞ்சினை அணைத்தேன். பின்னால் இருந்தவர்தான் என் போனை எடுத்து அங்கே நின்ற டிராபிக் போலீஸ்காரரிடம் நீட்டி, ஒரு படம் எடுக்கச் சொன்னார். அந்த மனிதர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "சலான் நாஹி, மக் ஃபோட்டோ கஷாலா?" என்றார். அபராதமே இல்லையே, பிறகு படம் எதற்கு என்று கேட்கிறார். ஊரில் ஒருத்தர் காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் காத்திருக்கிறார் என்று இவர் தன் அரைகுறை மராத்தியில் சொன்னார். போலீஸ்காரருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

கடையில் அச்சுப் போட்டு வாங்கினோம். படத்தின் பின்பக்கம் பாருங்கள். கைப்பயிற்சியில் இடது கையால் எழுதப் பழக்குகிறார்கள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான் உதவி செய்கிறேன் என்றதற்கு விடவில்லை. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அவரே எழுதினார்.

அமலா

(படத்தின் பின்பக்கம், பெரிய கோணல் எழுத்தில்:)

சார், கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறோம்.
ஜெபகுமார்